கண்ணாடிச் சாலையில் எட்டு நாள்: குளிர்கால ஸ்பிட்டி

முதல் நாள்: சண்டிகர் – நார்கண்டா

"அக்கா, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கையில் இருக்கும்போது பனி நம்மை என்ன செய்துவிடும்?"

சண்டிகரை விட்டுக் கிளம்பிய அரை மணி நேரத்தில் தம்பி கேட்ட கேள்வி இது. மதுரையிலிருந்து நேற்றிரவுதான் வந்து சேர்ந்தான். பனியை அவன் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகளாகச் சண்டிகரில் இருக்கும் நான் மூன்று குளிர்காலங்களில் மலை ஏறியிருக்கிறேன். ஆனால் நார்கண்டாவைத் தாண்டியதில்லை. இந்தப் பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் வழியாக ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் காஸா வரை போவது என்று முடிவு செய்து, ஒரு மாதமாக வண்டியைத் தயார் செய்து வந்தேன்.

வண்டி ஜிம்னி, பெட்ரோல், கையால் கியர் மாற்றுவது. நான் அதிகம் செலவழித்தது டயருக்குத்தான். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. பக்கச் சுவரில் மூன்று சிகரங்களுக்குள் பனிப்பூ பொறித்த டயர்கள் பனிக்காகச் சோதிக்கப்பட்டவை. அந்த முத்திரை உள்ளதாகத் தேடி வாங்கினேன். பின்பக்கத்தில் இரண்டு ஜோடி டயர் சங்கிலி, மண்வெட்டி, இழுவைப் பட்டை, ஒரு மூட்டை மணல், கம்பளிகள், காற்றடிக்கும் சிறு பம்பு. ரேடியேட்டரில் கூலன்ட் எந்தக் குளிர் வரை உறையாது என்பதையும் சோதித்துக்கொண்டேன்.

தம்பியின் கேள்விக்கான பதில் குஃப்ரியைத் தாண்டி, ஃபாகு பக்கம் காத்திருந்தது. மரங்கள் அடர்ந்து வெயிலே விழாத ஒரு திருப்பத்தில் பெரிய நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்று மூக்கை மலையோரக் கால்வாய்க்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அதைச் சுற்றி ஆள்கள் கூடி நின்றபோது, முன்சக்கரங்களில் சங்கிலி மாட்டிய சின்னஞ்சிறு வாடகைக் கார் ஒன்று 'கடகட'வென்ற ஓசையுடன் நடைவேகத்தில் கடந்து போனது. தம்பி அந்தச் சின்னக் காரையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சாலையில் அங்கே பனி எதுவும் தெரியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈரமான தார் போலத்தான் இருந்தது. பகலில் உருகிய நீர் இரவில் மெல்லிய ஏடாக உறைந்து, அடியிலிருக்கும் தாரின் கறுப்பையே காட்டும். பிளாக் ஐஸ் என்று இங்குள்ள ஓட்டுநர்கள் எச்சரிப்பது இதைத்தான். நம் ஊர்க் குளத்துப் படித்துறையில் பாசியாவது பச்சையாகத் தெரியும். இதற்கு நிறமே கிடையாது.

நார்கண்டா ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு வண்டியை நிறுத்தும்போது கைபிரேக் போடவில்லை. ஈரம் உறைந்தால் பிரேக் அப்படியே பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, இரண்டு சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாதபடி வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தோம்.

இரண்டாம் நாள்: நார்கண்டா – கல்பா

காலையில் நார்கண்டாவிலிருந்து இறங்கும்போது, நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையான 4எச் போட்டிருந்தேன். கீழே சட்லெஜ் கரையை எட்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. ராம்பூரில் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டராகத் தாழ்ந்துவிடுகிறது. அங்கே பிப்ரவரி வெயில் இதமாக இருந்தது. நான் நெம்பை மீண்டும், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சுக்குத் தள்ளியதும் தம்பி ஏன் என்று கேட்டான்.

இந்த வண்டியில் 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீண்ட பாதையில் போக வேண்டும். பனியிலோ மண்ணிலோ இந்த வேறுபாட்டைச் சக்கரம் லேசாக வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. அந்த முறுக்கம் முழுவதும் அச்சுகளிலும் கியர்களிலும் ஏறும். திருப்பத்தில் வண்டி தானே பிரேக் பிடித்ததுபோல் திணறும். எல்லா நான்கு சக்கர வண்டிகளும் இப்படியல்ல. இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃபரன்ஷியலை நடுவில் வைத்து எப்போதும் நான்கு சக்கரமும் இழுப்பவை உண்டு. தேவைப்படும்போது தானாக இணைத்துக்கொள்பவையும் உண்டு. தன் வண்டி இவற்றில் எந்த வகை என்று தெரியாமலே மலைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டு பக்கம் படித்தால் தெரிந்துவிடும்.

தராண்டா பக்கம் செங்குத்துப் பாறையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாறை கூரையாக நீண்டிருக்க, கீழே பள்ளம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இறங்குகிறது. தராண்டா தேவி கோயிலில் எல்லா வண்டிகளும் நின்று வணங்கிவிட்டே புறப்படுகின்றன. நாங்களும் நின்றோம். வாங்டு, டாப்ரி, கர்ச்சம் என்று ஆற்றை ஒட்டியே போய் ரெக்காங் பியோவுக்கு ஏறினோம்.

பியோவிலிருந்து கல்பாவுக்கு ஏறும் சாலை முழுக்க இறுகிய பனி. அங்கேதான் உஸ்தாத்தைச் சந்தித்தோம். வடக்கே மூத்த ஓட்டுநர்களை இப்படித்தான் அழைக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கின்னௌரி. காய்கறியும் எரிவாயு உருளையும் ஏற்றி, தன் கேம்பர் என்ற சரக்கு வண்டியில் காஸா வரை போய்வருபவர். நாளை மறுநாள் கிளம்புகிறார். எங்கள் விடுதிக்காரர் அறிமுகப்படுத்தியதும், அவர் கைகுலுக்குவதற்கு முன் குனிந்து என் டயர்களைத்தான் பார்த்தார். பிறகு, "பேட்டா, என் பின்னால் வரலாம். ஆனால் நாளைக்கு ஒரு நாள் இங்கேயே ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்" என்றார்.

மூன்றாம் நாள்: கல்பா

இன்று பத்துக் கிலோமீட்டர் கூட ஓட்டவில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் அதிகம் கற்றது இன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

எதிரே கின்னர் கைலாசம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே, ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி, சமதளமான ஒரு வெற்றிடத்துக்கு உஸ்தாத் எங்களை அழைத்துப் போனார். மிதிபட்டு இறுகிய பனி. ஒரு மூலையில் குழாய் கசிந்து பாளமாக உறைந்திருந்தது. மோதுவதற்கு எதுவும் இல்லாத இடம். தவறு செய்து பார்க்க இப்படி ஓர் இடம் கிடைத்தால் தவறவிடவே கூடாது.

முதலில் ஏற்றம். ஓரத்திலிருந்த சின்னச் சரிவில் 2எச் போட்டு ஏறச் சொன்னார். பின்சக்கரங்கள் அங்கேயே சுழன்று பனியை மெருகேற்றின. 4எச் போட்டதும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் ஏறிவிட்டது. தம்பி கைதட்டினான். உஸ்தாத் தட்டவில்லை.

அடுத்தது நிறுத்தம். மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்து, ஒரு கல்லருகே பிரேக்கை அழுத்த வேண்டும். தம்பி காலடியால் அளந்தான். 2எச்சில் பன்னிரண்டு காலடி. 4எச்சில்? அதே பன்னிரண்டு. மீண்டும் ஒருமுறை செய்தோம், பதின்மூன்று. பனிப்பாளத்தின் மேல் அதே வேகத்தில் வந்தபோது பாளம் முடிந்து பனிக்குள் புகுந்த பிறகுதான் வண்டி நின்றது. அங்கும் நெம்பு எந்த நிலையில் இருந்தது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. காய்ந்த தாரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்ததிலிருந்து ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியின் உராய்வு அதில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் 60 மீட்டருக்கு மேல் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்தத் தூரம் கால்பங்காகிவிடும். உராய்வு டயருக்கும் சாலைக்கும் இடையே இருப்பது. எஞ்சினுக்கு அங்கே வேலை இல்லை. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நான்கு சக்கர இழுவை நம்மைக் கிளப்பிவிடுவதில் கெட்டி. அப்படிக் கிளம்பியதால் வரும் வேகத்துக்கு அது பொறுப்பேற்காது. ஃபாகுவில் கால்வாய்க்குள் கிடந்த வண்டியும் அந்த ஏற்றத்தில் சிரமமின்றி ஏறியிருக்கும். பிடிப்பு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை ஏற்றத்தில் பிறந்து, இறக்கத்தில் ஏமாற்றிவிடுகிறது.

ஆனால் இறக்கத்தில் அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்லக் கூடாது. இதை உஸ்தாத் காட்டியபோதுதான் உணர்ந்தேன். காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டும்போது, 2எச்சில் அந்த இழுப்பு முழுவதும் பின்சக்கரங்கள் மேல் விழுகிறது. பின்பக்கம் ஒதுங்கத் தொடங்குகிறது. நான்கு சக்கரத்துக்கும் அதைப் பங்கிட்டால் வண்டி நேராக இறங்குகிறது. 4எல் போட்டால் கியர் இன்னும் ஏறத்தாழ இரண்டு மடங்கு இறங்கி, முதல் கியரில் மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி தானாகவே ஊர்ந்து வரும். முழுப் பாளத்தில் அந்த எஞ்சின் பிடிப்புகூட அதிகமாகிச் சக்கரம் உருளாமல் வழுக்கலாம். அப்போது ஆக்சிலரேட்டரை இலை தொடுவதுபோல் தொட்டு, சக்கரத்தை உருளவிட வேண்டும். இதைப் பத்து முறையாவது செய்து பார்த்தேன்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றியும் ஒரு சொல். மிதி அதிர்ந்ததும் பயந்து காலை எடுக்கக் கூடாது. அது தன் வேலையைச் செய்கிறது. ஸ்டீயரிங் கட்டுப்பாடு கையில் இருப்பது அதனால்தான். ஆனால் உதிரிப் பனியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் பனி குவிந்து தடுக்கும். ஏபிஎஸ் அதைக் குவியவிடாது. அதனால் அங்கே நிற்கும் தூரம் கொஞ்சம் கூடவும் செய்யலாம்.

மாலையில் தம்பி என்னிடம், "அப்படியென்றால் நான்கு சக்கர வண்டிக்காரன் மற்றவனை விட மெதுவாகப் போக வேண்டும் போலிருக்கிறதே" என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள்: கல்பா – நாகோ

காலை ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம். அதற்கு முன் உஸ்தாத் வண்டியை எடுப்பதில்லை. வெயில் சாலையைத் தொட்ட பிறகு தொடங்கி, மூன்று மணிக்குள் எங்காவது சேர்ந்துவிட வேண்டும். உருகியது மறுபடி உறையத் தொடங்கும் நேரம் அது.

கல்பாவிலிருந்து இறங்கச் சங்கிலி மாட்டினோம். கையுறையோடு முதல் சக்கரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது; நான்காவதற்கு எட்டு. சமதளத்தில், வண்டி சிக்கிக்கொள்ளும் முன்பே மாட்டிவிட வேண்டும் என்பது உஸ்தாத் சொன்னதில் மிக முக்கியமானது. சரிவில் வழுக்கி நின்ற பிறகு வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. இருநூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மீண்டும் இறுக்கினோம். இரண்டு சங்கிலி மட்டும் கையில் இருந்தால் எந்தச் சக்கரத்துக்கு மாட்டுவது என்பதில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. தயாரித்தவரின் கையேடு சொல்வதையே கேட்க வேண்டும். முன்னால் மட்டும் மாட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் விலகி வரலாம், பின்னால் மட்டும் மாட்டினால் ஸ்டீயரிங் கேட்காமல் போகலாம். நான்கிலும் மாட்டினால் இந்தக் கவலை இல்லை. பியோவுக்குக் கீழே சாலை காய்ந்ததும் கழற்றிவிட்டோம். வெறும் தாரில் ஓட்டினால் சங்கிலியும் கெடும், டயரும் கெடும்.

பூ என்ற ஊரைத் தாண்டிய பிறகு மரங்கள் நின்றுவிட்டன. காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜோடு கலக்கிறது. இரண்டும் ஓரங்களில் உறைந்து, நடுவில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. பாலத்தைக் கடக்கும் முன் உஸ்தாத் ஜன்னல் வழியே கையை நீட்டி மெதுவாக என்று காட்டினார். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று. அதனால் சாலையின் மற்ற பகுதி ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும்.

அங்கிருந்து கா என்ற ஊரின் வளைவுகள். மலையை மடித்து மடித்துத் தைத்ததுபோல் ஏறுகிறது சாலை. இடையிடையே பனி இறுகிய திட்டுகள். 4எச் போட்டு, இரண்டாம் கியரில் நிதானமாக, இடையில் கியர் மாற்றாமல் ஏறினேன். எதிரே ராணுவ லாரி ஒன்று இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலை வழக்கம். ஆனால் உஸ்தாத் தன் கேம்பரை ஓர் அகலமான இடத்தில் ஒதுக்கி, லாரி போகும்வரை காத்திருந்தார். "பனியில் நின்றால் மறுபடி கிளம்ப என்னால் முடியும். அவனால் நிற்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. உரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார் பின்னர்.

நாகோ 3,660 மீட்டர். ஊர் நடுவிலிருக்கும் ஏரி உறைந்து, பிள்ளைகள் அதன் மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். தம்பிக்கு லேசான தலைவலி. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சீக்கிரம் படுக்க வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்: நாகோ, பனிப்பொழிவு

விடிந்தபோது ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வண்டியின் சக்கரங்கள் பாதி மறைந்திருந்தன. உஸ்தாத் வந்து, "இன்று தேநீர் நாள்" என்று சொல்லிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்து ஒரு நாள் வீணாகிறதே என்று தம்பி வருந்தினான். எனக்கு வருத்தமில்லை. விழுகிற பனியில் ஓட்டி முன்னேறும் ஐம்பது கிலோமீட்டருக்கு இங்கே யாரும் மதிப்புத் தருவதில்லை. சுமை ஏற்றிய உஸ்தாத்தே உட்கார்ந்திருக்கும்போது சுற்றிப்பார்க்க வந்த நமக்கு என்ன அவசரம்?

மதியம் காற்றழுத்தம் பார்த்தேன். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். குளிர்ந்த டயரில் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்பினேன். ஆழ்ந்த உதிரிப் பனியில் காற்றை இறக்கினால் டயர் அகன்று மிதந்து போகும் என்பது உண்மை. எங்கள் வழியில் இருப்பது உறைந்த தார். அங்கே அதனால் பயனில்லை.

பக்கத்து விடுதியில் தங்கியிருந்த இளைஞர் இருவர் உடலைச் சூடேற்ற வண்டியை ஓடவிட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். புகைக்குழாயைச் சுற்றிப் பனி ஏறியிருந்தது. உஸ்தாத் நான் பார்த்திராத வேகத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவர்களை வெளியே இழுத்தார். குழாய் அடைபட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே நிரம்பும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து துக்பா என்ற நூடுல்ஸ் சூப் குடித்தோம்.

ஆறாம் நாள்: நாகோ – தாபோ

இதை எழுதும்போதும் கை முழுதாக நிலைக்கு வரவில்லை.

காலையில் பளீரென்ற வெயில். எல்லைச் சாலை அமைப்பின் இயந்திரம் முன்னால் போய்ப் பனியை ஒதுக்கிவிட்டது. அதன் பின்னே தொழிலாளர்கள் மண்வெட்டியால் சாலையில் மண் இறைத்துக்கொண்டு போனார்கள். இங்கே உப்பைக் காணவில்லை, மண்தான். அந்த மண் விழுந்த இடத்தில் டயர் பிடிக்கும் ஓசையே வேறாக இருக்கிறது.

நாகோவை அடுத்து மலிங் ஓடை. நிலச்சரிவுக்குப் பேர்போன இடம். கிளம்பும் முன் உஸ்தாத் தன் வண்டிக்குச் சங்கிலி மாட்டினார். என்னையும் மாட்டச் சொன்னார். சாலை பெரும்பாலும் கறுப்பாகத் தெரிகிறது, வெயில் இருக்கிறது, டயரும் நல்ல டயர், 4எச் போதும் என்று நான்தான் மறுத்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் என் சக்கரத் தடத்தை விட்டு விலகாதே. ஓடைகளில் மலைப்பக்கமே ஒட்டி வா" என்றார்.

நாகோவிலிருந்து போகும்போது வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளத்தாக்கு. ஓடை வரும் இடங்களில் சாலை மலைக்குள் மடிந்து போய், ஓடையின் மேல் இடப்பக்கம் வளைந்து வெளியே வருகிறது. மலையிலிருந்து கசிந்த நீர் சாலையின் குறுக்கே ஓடி உறையும்போது சமதளமாக உறைவதில்லை. பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்த பாளமாக உறைகிறது. மணி பன்னிரண்டு. பாளத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் மின்னியது. கடுங்குளிரில் இருக்கும் பனிக்கட்டியை விட உருகும் நிலையை நெருங்கிய பனிக்கட்டி அதிகம் வழுக்கும் என்று படித்திருக்கிறேன். "காலைப் பனி கல், மதியப் பனி சோப்பு" என்று நேற்று அடுப்பருகே உஸ்தாத் சொன்னதும் அதுவே. இரண்டும் தெரிந்திருந்தும் இறங்கினேன்.

மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. வளைவில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. கையில் ஸ்டீயரிங் எடையில்லாமல் போய்விட்டது. கனவில் ஓட முயல்வதுபோல் இருந்தது அது. இன்னும் திருப்பு என்று கை சொன்னது, பிரேக்கை மிதி என்று கால் சொன்னது. கல்பாவில் பழகிய அந்த ஒரு நாள்தான் இரண்டையும் தடுத்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, திருப்பிய ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினேன். முன்சக்கரங்கள் எதையோ லேசாகப் பற்றின. ஆனால் வளைவுக்கு அது போதவில்லை. வண்டி நேராகப் போய் மலையோரம் குவிந்திருந்த பனியில் வலப்பக்க மூக்கைப் புதைத்து நின்றது.

மலையை ஒட்டி வரச் சொன்னதால் மூன்று மீட்டரில் பனிக்குவியல் வந்தது. சாலை நடுவே வந்திருந்தால் பாளத்தின் சரிவு எங்களை வெளிப்பக்கமாக இழுத்திருக்கும். தம்பி ஒன்றும் பேசவில்லை. என் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

உஸ்தாத் நடந்து திரும்பி வந்தார், திட்டவில்லை. மூட்டையிலிருந்த மணலைச் சக்கரங்களின் முன்னும் பின்னும் தூவினார். தன் கேம்பரோடு இழுவைப் பட்டையைக் கட்டி, வெடுக்கென்று இழுக்காமல், பட்டை விறைக்கும்வரை ஊர்ந்து, பிறகு மெல்ல இழுத்தார். பட்டையின் அருகே யாரும் நிற்கக் கூடாது என்று தம்பியைத் தொலைவுக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் அந்த ஈரத்திலேயே மண்டியிட்டு நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி மாட்டினேன். சாங்கோ வரை யாரும் வாய் திறக்கவில்லை.

சும்டோ சோதனைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு, நாலு மணிக்கு முன்பே தாபோ வந்தோம். கி.பி. 996இல் எழுந்த மடாலயம். வெளியே வெறும் மண்சுவர். உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். 1975ஆம் ஆண்டு கின்னௌர் நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது. அந்த இருட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள்: தாபோ – காஸா

நாற்பத்தேழு கிலோமீட்டர்தான். முழுப் பாதையிலும் மெல்லிய பனி இறுகியிருந்தது. அதனால் 4எச், நான்கு சங்கிலி, மணிக்கு 20 கிலோமீட்டர். முன்வண்டிக்கும் எங்களுக்கும் இடையே எண்பது மீட்டராவது விட்டேன். அவர் ஒரு வளைவை முடித்த பிறகுதான் நான் அதில் நுழைந்தேன். ஷிச்லிங் அருகே மலைமேல் தங்கர் மடாலயம் காக்கைக்கூடு போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறலாமா என்று தம்பி கேட்கவே இல்லை.

காஸாவில் உஸ்தாத் சுமையை இறக்கினார். இரண்டு நாளில் திரும்புவார், எங்களையும் அழைத்துப் போவார். டீசல் வண்டிக்காரர்களுக்கு இங்கே காலைதோறும் ஒரு போராட்டம். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு குழாயை அடைக்கிறது. டேங்குக்கு அடியில் தீமூட்டிச் சூடேற்றுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்தது. எங்கள் விடுதியில் குழாய்கள் உறைந்துவிட்டதால் தண்ணீர் வாளியில் வருகிறது.

எட்டாம் நாள்: காஸா – கீ

கீ மடாலயம் 4,166 மீட்டர் உயரத்தில். காஸாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவுதான். பத்து மணிக்கு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். உஸ்தாத் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஏறும்போதே, இறங்கும் கண்ணோடு சாலையைப் பார்க்க வேண்டும், இறங்க முடியாது என்று தோன்றும் இடத்துக்கு ஏறக் கூடாது.

அதைத்தான் செய்தோம். மடாலயத்துக்குக் கீழே கடைசி வளைவுகள் வெயில் படாத பக்கத்தில் பளபளத்தன. வண்டி ஏறியிருக்கும், சந்தேகமே இல்லை. கடைசி வளைவுகளுக்குக் கீழே, வெயில் விழும் அகலமான இடத்தில் திருப்பி நிறுத்தி, கல் கொடுத்துவிட்டு நடந்து போனோம். மூச்சு வாங்கியது. துறவி ஒருவர் மூலிகைத் தேநீர் கொடுத்தார். மாடியிலிருந்து பார்க்கையில் ஸ்பிட்டி ஆறு வெள்ளை மணலில் யாரோ விரலால் இழுத்த நீலக் கோடுகள் போலக் கிடந்தது.

இரண்டு மணிக்கே இறங்கிவிட்டோம். நாங்கள் நிறுத்திய இடத்துக்குக் கீழேயிருந்த ஒரு திருப்பத்தில் காலையில் இல்லாத ஈரம் தெரிந்தது. நான் 4எல் போட்டு, முதல் கியரில் விட்டுக் காத்திருந்தேன். நான் சொல்லாமலே தம்பி கதவைத் திறந்து இறங்கினான். பின்னாலிருந்து மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மலைப்பக்கமாகவே நடந்து, ஒவ்வோர் அடியாகக் காலால் அழுத்திப் பார்த்துப் போனான். ஓரிடத்தில் நின்று, குனிந்து, கையுறையைக் கழற்றிச் சாலையைத் தொட்டான்.

"அக்கா, இங்கே எட்டடிக்குக் கண்ணாடி. நான் தூவி முடித்துக் கை காட்டும்வரை வராதே" என்று கத்தினான்.

இரண்டு சக்கரத் தடத்துக்கும் மணல் இறைத்துவிட்டு, வண்டி போகும் வழியிலிருந்து விலகி மேலே ஏறி நின்று கையை உயர்த்தினான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அவன் போட்ட மணல் கோட்டில் தானாகவே ஊர்ந்து இறங்கியது.